முன் இடது

போத்தித் துறைமுகத்தில் இறங்கி
ட்ரெய்லர் முதுகேறி ருஸ்தாவி கார்ச் சந்தைக்கு
வந்து சேர்ந்தது அந்தச் சாம்பல் நிற வண்டி.
மின்னசோட்டாவில் ஏழு குளிர்காலம் ஓடியதாகக்
காகிதம் சொன்னது.
காகிதத்துக்கு முன்பே சக்கரங்கள் சொல்லிவிட்டன:
உப்பு, தார், அதற்கு மேல் பிரேக் தூள்.
நின்ற ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிட்டிகை இரும்பு
சூட்டில் வெந்து வெந்து
அடிப்பிடித்த பால் சட்டியாய்க் கிடந்தது.

"கண்ணாடி மாதிரி வேண்டும்" என்றேன் ம்ஸெவினாரிடம்.
வாங்க வருகிறவன் முதலில் பெயின்டைப் பார்ப்பான்,
அடுத்து சக்கரத்தை.
எஞ்சினை யார் பார்க்கிறார்கள்?
சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவதோடு சரி.

அமிலப் போத்தலை நீட்டினேன்.
மூடியைத் திறக்காமலே திருப்பித் தந்தாள்.
"அழுக்கைத் தின்றுவிட்டு இது நிறுத்தாது.
பளபளப்பையும் தின்னும்."
அவளுடைய மருந்து வேறு, அழுகிய முட்டை நாற்றம்.
அடித்ததும் ஒன்றும் நடக்காது.
அரை சிகரெட் நேரம் கழித்து
இரும்பு ஒளிந்திருந்த இடமெல்லாம்
முசுக்கொட்டைப் பழம் தின்ற பிள்ளை வாய்போல
ஊதாவாய் ஒழுகத் தொடங்கும்.

மகனின் ரப்பர் பூட்ஸ், குந்தியபடி அவள்.
பன்றிமயிர்த் தூரிகை, பல் துலக்கும் பிரஷ்,
நட்டுக் குழிகளுக்குத் துணி சுற்றிய குச்சி.
வானொலியில் யாரோ யாரையோ
விவாகரத்து செய்துகொண்டிருந்தார்கள்.
பின் வலது முடிந்தது. பின் இடது. முன் வலது.
மூன்றிலும் என் முகம் வளைந்து தெரிந்தது,
மெலிந்தவன் போல. பிடித்திருந்தது.

முன் இடதில் அவள் கை நின்றது.
ஐந்தாவது ஆரத்தின் அடியில் ஒரு முடி.
முடி என்றுதான் நானும் நினைத்தேன்.
ஊதினேன்.
போகவில்லை.
நகத்தால் தடவினேன். நகம் தடுக்கியது.

"மூடு" என்றேன்.
"எதை வைத்து?" என்றாள்.
கிண்டல் இல்லை அதில். உண்மையாகவே கேட்டாள்.

அன்று மாலை முழுக்க அழுக்கைத் தேடினேன்.
கிரீஸ் பூசினேன், வழுக்கியது.
அடுப்புச் சாம்பல் தூவினேன், உதிர்ந்தது.
கிரீஸையும் கரியையும் குழைத்துத் தடவி
சுடுகாற்றுக் குழாயைப் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டு மணி நேரம் கெஞ்சியும் போகாமல் இருந்தது
இப்போது கெஞ்சினாலும் வர மறுத்தது.
ஏழு குளிர்காலத்தை ஒரு மாலையில் சமைக்க முடியுமா?

மறுநாள் மார்னெவுலியிலிருந்து தெல்மான் வந்தான்,
தக்காளி விற்ற டாலர்களை உள்சட்டையில் வைத்துக்கொண்டு.
சுற்றி வந்தான். நின்றான்.
"மூன்று கல்யாணத்துக்குப் போகின்றன,
இது மட்டும் ஏன் துக்கத்தில் இருக்கிறது?"
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
ஒரே ஒரு இழுப்பு.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.
தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் போய்
"எப்போதிருந்து?" என்று கேட்டான்.
"நேற்று கழுவினேன். நேற்று பார்த்தேன்" என்றாள்,
சுருட்டுவதை நிறுத்தாமல்.

முந்நூறு டாலர் குறைத்தேன்.
நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து சக்கரம் கழற்றி மாட்டினேன்,
ஐந்து ஆரங்களுக்கு நடுவே ஆறு ஆரம்.
அவன் ஓட்டிப் போனபோது
கொஞ்சம் நொண்டுவது போல் இருந்தது.
நொண்டவில்லை. எனக்குத்தான் அப்படி.

விரிசல் சக்கரம் ஷெட்டின் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது.
சிமென்ட் லாரிகள் போகும் தெரு, புழுதிக்குப் பஞ்சமில்லை.
ஆனாலும் போத்தலில் கடைசி மிச்சம் இருக்கும் நாட்களில்
ம்ஸெவினார் அதன் மேல் அடித்துக் கழுவி வைக்கிறாள்.
பழக்கத்திலா, என் கண்ணில் படட்டும் என்றா,
கேட்டதில்லை.
கேட்டால் சொல்லிவிடுவாள்.

இரவில் வீடு திரும்புகிறேன்.
பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு.
காலை அழுத்துகிறேன்.
ஒரு சிட்டிகை.